பாயின்ட் கார்டு இல்லாத அணி: இந்தியானா ஃபீவரின் 2025 சீசன்

2025 ஆகஸ்ட் 7 அன்று ஃபீனிக்ஸ் நகரில் நடந்த ஆட்டத்தில் அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து அணியான இந்தியானா ஃபீவர் 60-95 என்று தோற்றது. தோல்வியை விடுங்கள், 44 ஆட்டங்கள் கொண்ட சீசனில் இப்படி ஒன்றிரண்டு அடி எல்லா அணிக்கும் விழும். ஆனால் அந்த ஒரே ஆட்டத்தில் சிட்னி கோல்சனின் இடது முழங்கால் ஏ.சி.எல். தசைநார் அறுந்தது, ஆரி மெக்டொனால்டின் வலது பாதத்தில் எலும்பு முறிந்தது. இருவரும் பாயின்ட் கார்டுகள், அதாவது பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர்கள். அணியின் முதல் பாயின்ட் கார்டான கெய்ட்லின் கிளார்க் ஜூலை 15 முதலே காயத்தில் வெளியே இருந்தார். ஆக, மறுநாள் காலையில் அணியில் அந்த வேலைக்கு ஒருவர்கூட இல்லை.

இதே அணிதான் செப்டம்பர் 30 அன்று லாஸ் வேகாஸில் அரையிறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தை ஓவர்டைம் வரை இழுத்துச் சென்றது. அமெரிக்காவின் தொழில்முறை பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் அந்த ஆண்டு அதிகம் பேசப்பட்ட கதை இது. பெரும்பாலும் இரண்டே விதமாகத்தான் பேசினார்கள். ஒன்று, நட்சத்திரம் இல்லாமலும் போராடிய வீராங்கனைகளின் மன உறுதி. இன்னொன்று, பாவம், துரதிர்ஷ்டம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த அணி எப்படிக் கட்டப்பட்டது, லீகின் விதிகள் எதை அனுமதித்தன, ஓட்டையை யாரைக் கொண்டு அடைத்தார்கள், அதற்கு யார் உடம்பு விலை கொடுத்தது என்ற கேள்விகளை அவை தொடுவதில்லை. எனக்கு அவைதான் முக்கியமாகத் தெரிகின்றன.

கட்டிய விதம்

ஃபீவர் பழைய சாம்பியன். தமிகா கேட்சிங்ஸ் காலத்தில், 2012இல், கோப்பை வென்றது. 2016இல் அவர் ஓய்வு பெற்றதோடு பிளே-ஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்றுகள், என்ற வார்த்தையே அந்த ஊரில் மறந்துபோனது. 2018இல் 6 வெற்றி, 28 தோல்வி. 2022இல் 5 வெற்றி, 31 தோல்வி. அடிமட்டத்தில் கிடந்ததற்குப் பலனாக, புதிய வீராங்கனைகளை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அடுத்தடுத்து இரண்டு முதல் தேர்வுகள் கிடைத்தன: 2023இல் அலியா பாஸ்டன், 2024இல் கிளார்க். கிளார்க் வந்த ஆண்டில் முதல் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் தோற்று, கடைசியில் 20-20 என்று முடித்துப் பிளே-ஆஃபுக்குள் நுழைந்தார்கள். முதல் சுற்றிலேயே கனெக்டிகட் சன் அணி இரண்டுக்கு பூஜ்யம் என்று வெளியே அனுப்பியது. அப்போதைய விதிப்படி முதல் இரண்டு ஆட்டங்களும் மேல்வரிசை அணியின் ஊரில்தான். சராசரியாக 17,000 பேர் பார்க்க வந்த, ஃபீவரின் ஊரான இண்டியானாபொலிஸில் ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட நடக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நிர்வாகம் மாறியது. கோச் கிறிஸ்டி சைட்ஸ் போய், ஸ்டெஃபனி வைட் வந்தார். இந்தியானா மண்ணிலேயே வளர்ந்தவர், இதே ஃபீவரில் ஆடியவர், 2015இல் இதே அணிக்குக் கோச்சாக இருந்து இறுதித் தொடர் வரை கொண்டு சென்றவர். பழைய நிர்வாகி கெலி கிராஸ்காஃப் தலைவராகத் திரும்பி வந்தார், ஆம்பர் காக்ஸ் பொது மேலாளர் ஆனார்.

அவர்கள் போட்ட கணக்கு வெளிப்படையானது. கிளார்க் புதுமுக ஒப்பந்தத்தில் இருக்கிறார், 2025க்கு அவர் சம்பளம் 78,066 டாலர்தான். லீகின் மிகப் பெரிய பெயர் அடிமட்டச் சம்பளத்துக்குக் கிடைக்கும் காலம் நீண்ட நாள் இருக்காது. அதற்குள் மிச்சப் பணத்தை அனுபவசாலிகள் மேல் செலவழித்துக் கோப்பைக்கு முயல வேண்டும். அப்படித்தான் டிவானா பானரும் நடாஷா ஹோவர்டும் வந்தார்கள், இருவரும் ஏற்கெனவே சாம்பியன்கள். ஃபீனிக்ஸிலிருந்து சோஃபி கன்னிங்ஹாம் வந்தார். கோல்சன், பிரியானா டர்னர் வந்தார்கள். 2018 முதல் இந்த அணியின் எல்லாத் தோல்விகளையும் கூடவே இருந்து பார்த்த கெல்சி மிட்செலுக்கு லீகின் உச்சச் சம்பளமான 2,49,244 டாலர் கொடுத்துத் தக்கவைத்தார்கள்.

பட்டியலைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கேள்வி: கிளார்க் ஆடாத நாளில் பந்தை யார் கொண்டுபோவார்? மிட்செல் கார்டுதான், ஆனால் அவர் கூடை போடுகிறவர், அதற்காகவே ஓடுகிறவர். லெக்சி ஹல்லும் கன்னிங்ஹாமும் மூலையில் நின்று மூன்று புள்ளி எறிபவர்கள். மிஞ்சியது கோல்சன். 36ஆவது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அணியின் கலகலப்புக்கும் ஒழுங்குக்கும் அருமையான ஆள், நாளுக்கு 30 நிமிடம் ஆட்டத்தை நடத்த எடுத்தவர் அல்ல.

ஏன் இந்த இடத்தைக் காலியாக விட்டார்கள்? கிளார்க் அயோவா கல்லூரியில் நான்கு ஆண்டுகள், அப்புறம் ஃபீவரின் முதல் சீசன், எதிலும் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. அவர் உடம்பு ஒருநாளும் மக்கர் செய்ததில்லை, அதனால் இனியும் செய்யாது என்று நினைத்துவிட்டார்கள். முன்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் நியாயமான நம்பிக்கைதான். ஆனால் கோப்பைக்கு ஆள் சேர்க்கும் ஒரு நிர்வாகம் நம்பிக்கையை மட்டும் வைத்து ஒரு முழு இடத்தை விட்டுவைத்தது என்னைப் பொறுத்தவரை இந்த சீசனின் முதல் பிழை. மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் வரிசை கட்டி வந்தன.

மே, ஜூன்

மே 17இல் தொடக்கம். சிகாகோ ஸ்கையை 93-58 என்று நசுக்கினார்கள். கிளார்க்குக்கு 20 புள்ளி, 10 ரீபவுண்ட் (கூடையில் விழாத பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (கூடை போடுபவருக்குப் பந்தைக் கொடுப்பது). கோப்பை இந்த வருஷமே என்று பேச்சு கிளம்பியது. ஒரே வாரம். மே 24இல் நடப்பு சாம்பியன் நியூயார்க் லிபர்ட்டியிடம் 88-90 என்று தோற்ற ஆட்டத்தில் கிளார்க்கின் இடது தொடைத் தசை இழுத்துக்கொண்டது. அடுத்த ஐந்து ஆட்டங்களுக்கு அவர் இல்லை. மே 30இல் கனெக்டிகட்டிடம் தோற்றபோது கோல்சனும் கன்னிங்ஹாமும் சேர்ந்து காயப்பட்டார்கள்.

இங்கேதான் லீகின் விதி உள்ளே வருகிறது. அதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மீதிக் கதை புரியும்.

2025இல் இருந்த விதிப்படி ஒரு அணி அதிகபட்சம் 12 பேரை வைத்துக்கொள்ளலாம். மொத்தச் சம்பளம் சுமார் 15 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது. அபராதம் கட்டிவிட்டுத் தாண்டுவது என்ற பேச்சே கிடையாது. காயப்பட்டவர்களைத் தனிப் பட்டியலில் வைத்து அந்த இடத்தில் வேறு ஆளை எடுக்கும் வசதியும் இல்லை. சீசன் முழுக்க ஆட முடியாது என்று தெரிந்தாலும் அவர் 12 பேரில் ஒருவர்தான், அவர் சம்பளம் கணக்கில்தான். அப்படியானால் ஆள் குறைந்தால் என்ன செய்வது? ஆடும் நிலையில் இருப்பவர்கள் பத்துப் பேருக்குக் கீழே போனால் தற்காலிகமாக ஒருவரை எடுத்துக்கொள்ள லீக் அனுமதிக்கும். 'ஹார்ட்ஷிப்' ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். காயப்பட்டவர் திரும்பி வந்ததும் தற்காலிக ஆள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஜூன் தொடக்கத்தில் அப்படி வந்தவர்தான் ஆரி மெக்டொனால்ட். 2021 டிராஃப்டில் மூன்றாவதாகத் தேர்வானவர். உயரம் குறைவு, வேகம் அதிகம், எதிராளியின் மேல் ஒட்டிக்கொண்டு பாதுகாப்பவர். 2025 சீசன் தொடங்கியபோது அவருக்கு எந்த அணியிலும் இடமில்லை. வந்த உடனே தொடக்க ஐவரில் நின்றார். வாஷிங்டனை வென்றார்கள், சிகாகோவை அவர்கள் ஊரிலேயே 79-52 என்று வென்றார்கள். மூன்றே ஆட்டம். கிளார்க் குணமாகி வந்தார், மெக்டொனால்ட் வீட்டுக்குப் போனார். விதி அப்படி. நன்றாக ஆடினார் என்பது ஒப்பந்தத்தை நீட்டிக்கக் காரணமாகாது.

ஜூன் 14இல் கிளார்க் திரும்பி வந்த ஆட்டம் அந்த சீசனில் அவருடைய உச்சம். ஒன்பது ஆட்டம் தொடர்ந்து வென்று வந்திருந்த லிபர்ட்டியை 102-88 என்று தோற்கடித்தார்கள், அவருக்கு 32 புள்ளி. மூன்று நாள் கழித்து கனெக்டிகட்டுடன் நடந்ததை ஆட்டம் என்பதா தகராறு என்பதா தெரியவில்லை. கிளார்க்கின் கண்ணில் எதிராளியின் கை பட்டது, அதைத் தொடர்ந்து தள்ளுமுள்ளு, கடைசியில் கன்னிங்ஹாம் ஜேசி ஷெல்டனைக் கீழே இழுத்துப் போட்டு வெளியேற்றப்பட்டார். சமூக ஊடகம் ஒரு வாரம் அதையே மென்றது. அணியின் கதைக்கு அதைவிட முக்கியமானது, கவனம் அதிகம் பெறாமல், ஜூன் 25இல் நடந்தது.

பானர் போன கதை

லீக் வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர்களில் அப்போது மூன்றாம் இடத்தில் இருந்தவர் டிவானா பானர். அவரைப் பெரிய எதிர்பார்ப்போடு அழைத்து வந்து, ஒன்பதே ஆட்டங்களில் உறவு முடிந்தது. முதல் மூன்று ஆட்டங்களுக்குப் பிறகு பெஞ்சிலிருந்து வரச் சொன்னார்கள். அப்புறம் சொந்தக் காரணங்களுக்காக என்று சில ஆட்டங்களுக்கு வரவில்லை. ஜூன் 25இல் அணி அவரை விடுவித்தது. சில வாரங்களில் அவர் ஃபீனிக்ஸ் மெர்க்குரியில் சேர்ந்தார். ஜூலை 30இல் எதிரணி உடையில் இண்டியானாபொலிஸுக்கு வந்தபோது அரங்கமே ஊளையிட்டது. ஃபீனிக்ஸ் அந்த ஆண்டு இறுதித் தொடர் வரை போனது, அது வேறு கதை.

இதை நிர்வாகத்தின் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. பானரை எடுத்தது தோல்விதான், சந்தேகமில்லை. ஆனால் விடுவித்த வேகத்துக்கு நான் நல்ல மதிப்பெண் போடுவேன். பெரிய பெயர், பெரிய செலவு, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று ஆகஸ்ட் வரை இழுத்திருக்கலாம், பல அணிகள் அப்படித்தான் செய்யும். இவர்கள் மானத்தைப் பார்க்காமல் இடத்தைக் காலி செய்து, அந்த இடத்தில் மெக்டொனால்டை முறையான ஒப்பந்தத்தோடு திரும்ப அழைத்தார்கள். நட்சத்திர ஃபார்வர்டு போய், வேலையில்லாமல் இருந்த பாயின்ட் கார்டு வந்தார். அணிக்கு உண்மையில் எது குறைவாக இருந்தது என்பதை அந்த ஒரு மாற்றம் ஒப்புக்கொண்டது.

பலன் கையோடு தெரிந்தது. அதற்குள் கிளார்க்குக்கு இடது கவட்டுத் தசையில் காயம், மறுபடியும் வெளியே. ஜூலை 1இல் மினியாபொலிஸில் கமிஷனர்ஸ் கப் இறுதி ஆட்டம். சீசனுக்கு நடுவிலேயே நடக்கும் தனிக் கோப்பை இது. எதிரே மினசோட்டா லிங்ஸ், அப்போது லீக் அட்டவணையின் உச்சியில் இருந்தவர்கள், முந்தைய ஆண்டின் கப்பையும் வென்றவர்கள். தொடக்கத்தில் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. பிறகு ஃபீவர் எதிரணிக்கு ஒரு புள்ளியும் தராமல் தொடர்ந்து 18 புள்ளி எடுத்தது. முடிவு 74-59. ஹோவர்ட் ஆட்டநாயகி, 16 புள்ளி, 12 ரீபவுண்ட். வென்ற அணியின் ஒவ்வொரு வீராங்கனைக்கும் சுமார் 30,000 டாலர் பரிசு. லீக் சாம்பியன் ஆனால் அப்போது கிடைத்த போனஸை விட இது அதிகம். அந்த வேடிக்கையை வீராங்கனைகளே அன்றிரவு கேமரா முன்னால் கேலி செய்தார்கள். லீகுக்கும் வீராங்கனைகள் சங்கத்துக்கும் இடையே சம்பள ஒப்பந்தப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த ஆண்டு என்பதால் அந்தக் கேலிக்குக் கூர்மை கூடுதல்.

இரண்டு நாள் கழித்து லாஸ் வேகாஸ் ஏசஸை 81-54 என்று வென்றார்கள். எய்ஜா வில்சன் ஆடும் அணியை 54 புள்ளிக்குள் கட்டுவது சாதாரணமல்ல. கிளார்க் இல்லாதபோது தாக்குதல் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்பு கூடும் என்பதைத்தான் யாரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

13 ஆட்டம், 31 ஆட்டம்

ஜூலை 9இல் கிளார்க் மறுபடி வந்தார். நான்கு ஆட்டம். ஜூலை 15இல் பாஸ்டன் நகரின் டி.டி. கார்டனில் கனெக்டிகட்டுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், வெற்றி உறுதியான பிறகு, வலது கவட்டைப் பிடித்துக்கொண்டு நடந்துபோனார். தலையைக் கம்பத்தில் முட்டிக்கொண்டு நின்றார். அந்த வார இறுதியில் ஆல்-ஸ்டார் ஆட்டம் அவர் சொந்த அரங்கிலேயே நடந்தது. ஒரு அணிக்குக் கேப்டனாக அறிவிக்கப்பட்டிருந்தும் ஆட முடியாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் அந்த ஆண்டு அவர் ஆடவே இல்லை. குணமாகிக்கொண்டிருந்த சமயத்தில் பயிற்சியில் இடது கணுக்கால் எலும்பிலும் அடி பட்டது. செப்டம்பர் 4இல், சீசன் முடிந்தது என்று அவரே அறிவித்தார்.

மொத்தம் 13 ஆட்டம் ஆடினார். சராசரி 16.5 புள்ளி, 8.8 அசிஸ்ட். அந்த 13இல் அணிக்கு 8 வெற்றி, 5 தோல்வி. அவர் இல்லாத 31 ஆட்டத்தில் 16 வெற்றி, 15 தோல்வி. இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு ரசிகர்கள் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். அவர் இருந்தால்தான் அணி என்று ஒரு பக்கம், இல்லாமலும் சமாளித்தோமே என்று இன்னொரு பக்கம். 13 ஆட்டம் எதையும் நிரூபிக்கப் போதாது. அதிலும் பாதி அவர் முழு உடல்நலத்தோடு ஆடியவை அல்ல. மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு 28கூட விழவில்லை என்பதே அதற்குச் சாட்சி. 31 ஆட்டத்தில் 16 என்பதுதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய எண். பாதிக்கு மேல் வென்றது பெருமைதான், ஆனால் அதற்குள்ளேயே இரண்டு வேறு அணிகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, மெக்டொனால்ட் நடத்திய அணி. ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 3 வரை ஐந்து ஆட்டம் தொடர்ச்சியாக வென்றார்கள்: லாஸ் வேகாஸ், சிகாகோ, ஃபீனிக்ஸ், டாலஸ், சியாட்டில். கிளார்க் இருந்தால் பந்து கிடைத்த நொடியே மைதானத்தின் அந்தக் கோடிக்குப் பறக்கும், எல்லோரும் ஓட வேண்டும். இந்த அணி நிதானித்தது. மெக்டொனால்ட் பந்தைக் கொண்டுவந்து கூடைக்கு அருகிலோ ஃப்ரீ த்ரோ கோட்டின் ஓரத்திலோ நிற்கும் பாஸ்டனிடம் கொடுப்பார். பாஸ்டன் உயரமான சென்டர், ஆனால் பந்தை அனுப்பும் கண் கார்டுகளுக்கு இருப்பது போன்றது. அவரைச் சுற்றி மிட்செல் ஓடிக்கொண்டே இருப்பார், தடுப்பவரைப் பாஸ்டனின் முதுகில் மோதவிட்டுப் பந்தை வாங்கி எறிவார். வைட் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சுமையைத் தாங்கும் தூணை ஒரு கார்டிடமிருந்து சென்டருக்கு மாற்றினார், அவ்வளவுதான். பாயின்ட் கார்டு மாறினாலும் ஆட்டம் மாறாமல் இருக்க இதுவே வழி என்பது அப்போது அவருக்கே எந்த அளவுக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. இரண்டு வாரத்தில் அது அவசியமாகிவிட்டது.

ஏனென்றால் ஆகஸ்ட் 7 வந்தது. கோல்சன், மெக்டொனால்ட் இருவரும் ஒரே நாளில் போனார்கள்.

இரண்டாவது அணி, கிடைத்தவர்களை வைத்துக் கட்டியது. சில நாட்களில் ஒடிஸி சிம்ஸ் தற்காலிக ஒப்பந்தத்தில் வந்தார். 2014 டிராஃப்டின் இரண்டாவது தேர்வு, அந்த சீசனின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்பார்க்ஸில் இருந்து நடுவில் கழற்றிவிடப்பட்டவர். ஆகஸ்ட் 17இல் கனெக்டிகட்டின் அரங்கில் 21 புள்ளி பின்தங்கியிருந்த ஆட்டத்தை ஓவர்டைமில் 99-93 என்று வென்றார்கள். ஃபீவரின் வரலாற்றிலேயே மிகப் பெரிய மீட்சி. மிட்செலுக்கு மட்டும் 38 புள்ளி. ஆனால் அதே ஆட்டத்தில் எதிராளி ஒருவர் விழுந்து மோதியதில் கன்னிங்ஹாமின் வலது முழங்காலில் எம்.சி.எல். தசைநார் கிழிந்தது. வென்றதைக் கொண்டாடக்கூட முடியாத வெற்றி. இடையில் சேர்த்த க்ளோயி பிபியும் முழங்கால் காயத்தால் போனார். கிளார்க்கையும் சேர்த்துக் காயத்தால் சீசன் முடிந்தவர்கள் ஐந்து பேர். டமிரிஸ் டான்டாஸ் தலையில் பட்ட அடியால் பிளே-ஆஃபில் ஆட முடியவில்லை.

36 வயது ஷே பெடி வந்தார், ஏரியல் பவர்ஸ் வந்தார். இருவரும் 2019இல் வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் சாம்பியன் ஆனபோது அதில் இருந்தவர்கள். அப்போது எந்த அணியிலும் இல்லாமல் இருந்தவர்கள். கவனித்தால் ஒரு விஷயம் தெரியும்: ஓட்டையை அடைக்க வந்தவர்கள் புதுப் பிள்ளைகள் இல்லை. நான்கு நாளில் ஒரு அணியின் ஆட்டமுறையைக் கற்று, அரங்கு நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் ஆட வேண்டும் என்றால் பழகிய கை வேண்டும். 12 பேர் மட்டும் கொண்ட 13 அணிகள் என்பதால் இந்தத் தரத்து வீராங்கனைகள் வேலையில்லாமல் இருந்தார்கள். லீகின் குறுகிய வாசல் மற்றவர்களுக்குச் செய்த அநியாயம் ஃபீவருக்கு உதவியாக வந்தது என்று சொன்னால் கொஞ்சம் கசப்பாக இருக்கும், ஆனால் அதுதான் நடந்தது.

கடைசி மூன்று ஆட்டங்களையும் வென்று, கடைசி ஆட்டத்தில் மினசோட்டாவையும் வீழ்த்தி, 24-20 என்று ஆறாவது இடத்தில் முடித்தார்கள்.

செப்டம்பர்

முதல் சுற்று அட்லாண்டா ட்ரீமுடன். இந்த முறை விதி மாறியிருந்தது. முதல் ஆட்டம் அங்கே, இரண்டாவது இங்கே, தேவைப்பட்டால் மூன்றாவது அங்கே. முதல் ஆட்டத்தில் 68-80 தோல்வி. இரண்டாவதில், 2016க்குப் பிறகு இண்டியானாபொலிஸில் நடந்த முதல் பிளே-ஆஃப் ஆட்டத்தில், 77-60 வெற்றி. பழைய விதியாக இருந்திருந்தால் இரண்டாவது ஆட்டமும் அட்லாண்டாவில் நடந்திருக்கும். கதை அங்கேயே முடிந்திருக்கவும் கூடும்.

மூன்றாவது ஆட்டம், செப்டம்பர் 18. கடைசி இரண்டு நிமிடத்துக்குள் நுழையும்போது 80-85 என்று பின்தங்கியிருந்தார்கள். அதன் பிறகு அட்லாண்டாவுக்கு ஒரு புள்ளியும் விழவில்லை. 7.4 நொடி மிச்சமிருந்தபோது பாஸ்டன் லே-அப் போட்டு 87-85. அட்லாண்டா டைம்-அவுட் எடுத்துத் திட்டம் போட்டு வந்தது. லெக்சி ஹல் அந்தப் பந்தைத் தட்டிப் பறித்தார். எறிய ஒரு வாய்ப்புகூட எதிரணிக்குக் கிடைக்கவில்லை. மிட்செலுக்கு 24 புள்ளி. அட்டவணையில் மூன்றாம் இடத்து அணியை அதன் ஊரிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அரையிறுதி லாஸ் வேகாஸுடன். ஜூலையில் இரண்டு முறை தோற்ற அந்த அணி இல்லை இது. ஆகஸ்ட் தொடக்கத்தில் மினசோட்டாவிடம் 53 புள்ளி வித்தியாசத்தில் அவமானப்பட்ட பிறகு, சீசன் முடியும் வரை 16 ஆட்டத்தைத் தொடர்ந்து வென்றிருந்தார்கள். வில்சனுக்கு நான்காவது முறையாக எம்.வி.பி., அதாவது லீகின் சிறந்த வீராங்கனை விருது என்று அறிவித்த அதே நாளில் ஃபீவர் அவர்கள் அரங்கில் 89-73 என்று வென்றது. மிட்செல் 34. அடுத்த இரண்டும் ஏசஸ் பக்கம், 68-90, 72-84. நான்காவது ஆட்டத்தில் பாஸ்டனுக்கு 24 புள்ளி, 14 ரீபவுண்ட், 90-83 வெற்றி. அன்று ஃபீவருக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோக்கள் ஏசஸுக்குக் கிடைத்ததை விட மிக அதிகம், அதைப் பற்றி லாஸ் வேகாஸ் தரப்பு முணுமுணுத்தது. முணுமுணுப்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் பாஸ்டனைக் கூடைக்கு அருகில் தடுக்க அவர்களிடம் ஃபவுலைத் தவிர வேறு வழி குறைவாக இருந்தது என்பதும் உண்மை.

ஐந்தாவது ஆட்டம்தான் இந்த நிகழ்வின் மையம். மூன்றாவது கால்பகுதியில் மிட்செல் கீழே விழுந்தார், எழ முடியவில்லை. யாரும் மோதியதாகத் தெரியவில்லை. பிடிப்பு என்றார்கள் முதலில். பிறகுதான் அது ராப்டோமயோலிசிஸ் என்று தெரிந்தது: எல்லை மீறிய உழைப்பில் தசை நார்கள் சிதைந்து, அதன் கழிவுகள் ரத்தத்தில் கலக்கும் நிலை. கவனிக்காவிட்டால் சிறுநீரகத்தையே பாதிக்கும். சில நொடிகள் கீழ் உடம்பை அசைக்கவே முடியவில்லை என்று அவர் பின்னால் எழுதினார். மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

இதை விபத்து என்று கடந்துபோக எனக்கு மனமில்லை. அந்த சீசனில் 44 ஆட்டத்திலும் ஆடியவர் மிட்செல். சராசரி 20.2 புள்ளி, வாழ்நாளின் சிறந்த ஆண்டு, முதல் முறையாக லீகின் சிறந்த ஐவர் அணியில் இடம். ஒவ்வொரு கார்டும் விழும்போது அந்த வேலையின் ஒரு துண்டு அவர் தலையில் ஏறியது. பந்தைக் கொண்டுபோவது, புள்ளி எடுப்பது, எதிரணியின் சிறந்த தடுப்பாளரைத் தாங்குவது எல்லாம் அவரே. ராப்டோமயோலிசிஸுக்கு வெப்பம், நீரிழப்பு, உடல்வாகு என்று பல காரணங்கள் இருக்கலாம், இதுதான் காரணம் என்று மருத்துவர் அல்லாத யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து பேர் வேலையை நான்கு மாதம் சுமந்த உடம்பு அது என்பதற்கு மருத்துவச் சான்று தேவையில்லை.

மிட்செல் 15 புள்ளியோடு போன பிறகும் அணி சரியவில்லை. யாருக்கும் வேண்டாதவராக ஜூலையில் இருந்த சிம்ஸ் 27 புள்ளி எடுத்தார். நேரம் முடிந்தபோது சமநிலை. பாஸ்டன் ஆறாவது ஃபவுலோடு வெளியேறினார். ஓவர்டைமில் மிட்செலும் இல்லை, பாஸ்டனும் இல்லை, கிளார்க் பெஞ்சில் சாதாரண உடையில். எதிரே வில்சன் 35, ஜாக்கி யங் 32. முடிவு 107-98. ஏசஸ் அடுத்து ஃபீனிக்ஸை நான்குக்கு பூஜ்யம் என்று வென்று சாம்பியன் ஆனது. அந்த பிளே-ஆஃபில் அவர்களைத் தோல்வியின் விளிம்புக்கு அதிகம் நெருக்கியவர்களில் ஒருவர் இந்த ஒட்டுப்போட்ட அணி.

என்ன செய்திருக்கலாம்

தோற்ற பிறகு புத்தி சொல்வது எளிது, இருந்தாலும் ஆய்வு என்று எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. மார்ச்சிலேயே மெக்டொனால்ட் போன்ற ஒருவரைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுத்திருக்கலாம், சீசன் தொடங்கியபோது அவர் சும்மாதான் இருந்தார். கிளார்க்குக்கு இரண்டாவது காயம் வந்ததும் அவரை நான்கு ஆட்டத்துக்காக அவசரமாகக் கொண்டுவந்தார்களா என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளே நடந்தது தெரியாமல் அதில் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. ஆனால் மிட்செலின் சுமையை ஆகஸ்டில் குறைத்திருக்க முடியுமா என்றால், முடியாது என்றே நினைக்கிறேன். பிளே-ஆஃப் இடத்துக்கே கடைசி வாரம் வரை போராட வேண்டியிருந்தது. அவரை உட்கார வைக்கும் வசதி அந்த அட்டவணையில் எங்கும் இல்லை. ஒரு சீசனில் 44 ஆட்டம் என்பது இந்த லீகில் அதுவரை இல்லாத எண். ஆட்டத்தைக் கூட்டினார்கள், 12 பேர் என்ற எண்ணிக்கையை அப்படியே விட்டார்கள். காயப்பட்டவருக்குப் பதில் ஆள் எடுக்கும் முறையான வழி இல்லாததால், அந்தக் கணக்கின் மீதியை யாரோ ஒருவர் உடம்பில்தான் வசூலித்தார்கள்.

சீசன் முடிந்தபோது வைட்டுக்கும் ஒரு கேள்வி இருந்தது. பாஸ்டனை நடுவில் வைத்து ஆடும் முறை இவ்வளவு நன்றாக வேலை செய்தது என்றால், கிளார்க் திரும்பி வரும்போது அதில் எவ்வளவு மிச்சம் வைப்பார்? கிளார்க்கின் வேகமும் பாஸ்டனின் நிதானமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல, ஆனால் அந்த 13 ஆட்டத்தில் இரண்டையும் சேர்த்துப் பழக நேரம் கிடைக்கவில்லை.

அதற்கு முன்னால் ஆட்களையே முதலில் சேர்க்க வேண்டியிருந்தது. புதிய சம்பள ஒப்பந்தம் வரப்போகிறது என்பதால் லீகில் புதுமுக ஒப்பந்தத்தில் இருப்பவர்களைத் தவிர ஏறக்குறைய எல்லோரும் 2025ஓடு முடியும்படிதான் கையெழுத்திட்டிருந்தார்கள். லாஸ் வேகாஸில் ஐந்தாவது ஆட்டத்தைத் தொடங்கிய ஐவர் மிட்செல், ஹல், சிம்ஸ், ஹோவர்ட், பாஸ்டன். அதில் அடுத்த ஆண்டுக்கும் ஒப்பந்தம் மிச்சமிருந்தவர் பாஸ்டன் ஒருவர்தான்.